அமெரிக்க டயாலிசிஸ் யூனிட்ல எல்பிஎன் நர்ஸ்: என்ன தகுதி வேணும், எது வரைக்கும் செய்யலாம், எங்க ஆர்என்ன கூப்பிடணும்

அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்க, முக்கியமா கல்யாணம் ஆகி வந்து சில வருஷம் வீட்டுல இருந்துட்டு இப்ப வொர்க் பெர்மிட் கையில வந்தவங்க, "எல்பிஎன் படிச்சா டயாலிசிஸ் சென்டர்ல வேலை கிடைக்குமா, அதுக்கு என்ன தகுதி வேணும்"னு அடிக்கடி கேக்குறாங்க. கிடைக்கும், நல்ல வேலையும் கூட. எல்பிஎன்னா லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ், அதுக்கு மேல் நிலை ஆர்என், அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸ். டயாலிசிஸ்னா கெட்டுப்போன கிட்னிக்கு பதிலா மெஷின் ரத்தத்த சுத்தம் பண்றது. ஆனா லைசென்ஸ் வாங்குறது எப்படின்னு சொல்ற ஆளுங்க நிறைய இருக்காங்க, வாங்கினதுக்கு அப்புறம் அந்த சேர் பக்கத்துல நின்னு எத நீங்களே செய்யலாம், எதுக்கு ஆர்என் வரணும்னு சொல்றவங்க ரொம்ப கம்மி. பேஷன்ட்டோட உயிர் அந்த இடத்துலதான் இருக்கு. அதனால ரெண்டையும் சேத்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுமையா படிங்க.

ஒரு விஷயம் முதல்லயே. எல்பிஎன்னும் எல்விஎன்னும் (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ்) ஒரே லைசென்ஸ்தான். கலிபோர்னியாவுலயும் டெக்ஸாஸ்லயும் எல்விஎன்னு சொல்வாங்க, மத்த ஸ்டேட்ல எல்லாம் எல்பிஎன். இந்த கட்டுரையில எல்பிஎன்னே எழுதுறேன்.

ரூல் எங்கருந்து வருது

1972 அக்டோபர்ல நிக்சன் கையெழுத்து போட்ட ஒரு சட்டம்தான் இந்த ஊர் டயாலிசிஸோட அடிப்படையே. கிட்னி முழுசா செயலிழந்தவங்களுக்கு வயசு 65 ஆகலைன்னாலும் அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேர் காசு கொடுக்கும்னு அதுல வந்துச்சு, 1973 ஜூலையிலருந்து அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1960கள்ல சியாட்டில்ல யாருக்கு மெஷின் கொடுக்கறதுன்னு கமிட்டி உக்காந்து முடிவு பண்ண காலம் அது, இடம் கிடைக்காதவங்க செத்துப் போனாங்க. இப்ப காசு கொடுக்குறது அரசாங்கம், அதனால கண்டிஷன் போடுறதும் அரசாங்கம். மெடிகேர நடத்துற சிஎம்எஸ் 2008ல டயாலிசிஸ் சென்டருக்குன்னு புதுசா ஒரு விதித்தொகுப்பு போட்டுச்சு, ஏப்ரல்ல வெளியிட்டு அக்டோபர்லருந்து அமல். அதுல 494.140ங்கற பிரிவுலதான் யாருக்கு என்ன தகுதி வேணும்னு இருக்கு. இந்த நம்பர குறிச்சு வச்சுக்கோங்க, இன்டர்வியூல கூட உதவும்.

அது மேல் அடுக்கு. அதுக்கு கீழ உங்க ஸ்டேட்டோட நர்சிங் சட்டமும் போர்டு ஆஃப் நர்சிங் போடுற விதியும், அப்புறம் பல ஸ்டேட்ல டயாலிசிஸ் சென்டர் லைசென்ஸுக்குன்னு தனி விதி, கடைசியா நீங்க வேலை பாக்குற யூனிட்டோட பாலிசி. இந்த அடுக்குல எது அதிகமா கட்டுப்படுத்துதோ அதுதான் உங்களுக்கு பொருந்தும். ஸ்டேட் "வேண்டாம்"னு சொன்னத கம்பெனி பாலிசி "செய்யலாம்"னு மாத்த முடியாது, ஸ்டேட் "செய்யலாம்"னு விட்டத கம்பெனி "எங்க யூனிட்ல வேண்டாம்"னு சொல்லலாம். "போன யூனிட்ல நான் செஞ்சேனே"ங்கற பேச்சுக்கு இங்க இடமே இல்ல, ஸ்டேட் மாறினா எல்லாமே மாறும்.

படி 1: லைசென்ஸ்

ஹைஸ்கூல் முடிச்சிருக்கணும், இல்லன்னா அதுக்கு சமமான ஜிஇடி. அப்புறம் ஸ்டேட் போர்டு அங்கீகரிச்ச பிராக்டிகல் நர்சிங் கோர்ஸ், முழு நேரமா படிச்சா பொதுவா ஒரு வருஷம், கம்யூனிட்டி காலேஜ்லயும் தொழில் பயிற்சி ஸ்கூல்லயும் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி அந்த கோர்ஸ் பேரு உங்க ஸ்டேட் போர்டு வெப்சைட்ல அங்கீகார லிஸ்ட்ல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, காசு கட்டினதுக்கு அப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல.

முடிச்சதும் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ்-பிஎன் பரீட்சை. கம்ப்யூட்டர்ல, பியர்சன் வியூ சென்டர்ல எழுதணும், ஃபீஸ் 200 டாலர், ஸ்டேட் போர்டுக்கு கட்டுறது தனி. 2023 ஏப்ரல்லருந்து புது மாதிரி வந்திருக்கு, குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி நேரம். ஒரு பேஷன்ட்டோட கதைய கொடுத்து எத கவனிச்ச, எது முக்கியம், அடுத்து என்ன பண்ணுவன்னு வரிசையா கேக்குற கேள்விங்க இப்ப அதிகம், டயாலிசிஸ்க்கு வரப்போறவங்களுக்கு இது நல்ல பயிற்சிதான்னு எனக்கு தோணுது, யூனிட்ல தினமும் நடக்குறது அதேதான்.

தமிழ்நாட்டுலயோ இலங்கையிலயோ நர்சிங் படிச்சுட்டு வந்தவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ஜிஎன்எம்மோ பிஎஸ்சி நர்சிங்கோ முடிச்சவங்க அவசரப்பட்டு எல்பிஎன் பக்கம் போயிராதீங்க, முதல்ல உங்க சர்டிபிகேட்ட மதிப்பீட்டுக்கு அனுப்பி ஆர்என் பரீட்சைக்கு தகுதி இருக்கான்னு பாருங்க, நிறைய பேருக்கு இருக்கும். ஏஎன்எம் படிச்சவங்க அத வச்சு நேரா எல்பிஎன் கிடைச்சிரும்னு நம்பாதீங்க, ஸ்டேட் போர்டு பாட நேரத்தையும் கிளினிக்கல் நேரத்தையும் ஒப்பிட்டு பாத்துதான் சொல்லும். இன்னொன்னு, ஊர்லருந்துகிட்டே கிரீன் கார்டுக்கு வர்ற நர்ஸ் வழி ஆர்என்களுக்கானது. லேபர் டிபார்ட்மென்ட்டோட ஷெட்யூல் ஏ லிஸ்ட்ல இருக்குறது அவங்கதான், எல்பிஎன் அதுல வராது. யாராவது ஏஜென்ட் "எல்பிஎன் விசா போட்டுத் தரேன்"னு காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. எல்பிஎன் வழி ஏற்கனவே இங்க வேலை செய்ய அனுமதி இருக்குறவங்களுக்குத்தான் சரி.

அடுத்து காம்பாக்ட் லைசென்ஸ். நாப்பதுக்கும் மேற்பட்ட ஸ்டேட் சேர்ந்த ஒப்பந்தம் அது, ஒரு ஸ்டேட்ல குடியிருந்துகிட்டு அங்க மல்டிஸ்டேட் லைசென்ஸ் வாங்கினா மத்த காம்பாக்ட் ஸ்டேட்லயும் வேலை பாக்கலாம், எல்பிஎன்னுக்கும் இது உண்டு. கலிபோர்னியா இதுல இல்ல. வீட்டுக்காரருக்கு வேலை மாறி இன்னொரு காம்பாக்ட் ஸ்டேட்டுக்கு குடி போனீங்கன்னா 60 நாளுக்குள்ள புது ஸ்டேட்ல லைசென்ஸுக்கு அப்ளை பண்ணணும், இது 2024 ஜனவரியிலருந்து வந்த விதி, ஐடி குடும்பங்கள் அடிக்கடி ஊர் மாறும், அந்த அலைச்சல்ல இத விட்டுறாதீங்க. நர்சிஸ்னு ஒரு இலவச சேவை இருக்கு, அதுல பதிஞ்சா லைசென்ஸ் முடியுற தேதிய ஞாபகப்படுத்தும்.

படி 2: உடம்பு, ஊசி, பேப்பர்

இது சுருக்கமா. சிபிஆர் கார்டு வேணும், டிபி டெஸ்ட், பின்னணி சோதனை, போதைப்பொருள் டெஸ்ட். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மட்டும் முக்கியமா கவனிங்க. வேலையில சேர்ந்து 10 வேலை நாளுக்குள்ள முதலாளி அத இலவசமா தர முன்வரணும்னு தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவோட விதி சொல்லுது. போட்டதோட விடாதீங்க, ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி) அளவு 10க்கு குறையாம இருக்கான்னு ரத்தம் டெஸ்ட் பண்ணி பாத்துக்கோங்க, நாள் பூரா ரத்தத்தோட புழங்குற வேலை இது. பல யூனிட்ல நிறக்குருடு இருக்கான்னும் பாப்பாங்க, தண்ணி டெஸ்ட் ஸ்ட்ரிப்போட கலர பாத்துதான் பாஸா ஃபெயிலான்னு சொல்லணும், அதுக்காக.

படி 3: ஃபெடரல் விதியில உங்க இடம் எது

494.140 படி டயாலிசிஸ் யூனிட்ல நர்ஸுங்க நாலு வகை. நர்ஸ் மேனேஜர் ஆர்என்னாதான் இருக்கணும், 12 மாச கிளினிக்கல் அனுபவமும் அதுக்கு மேல டயாலிசிஸ்ல 6 மாசமும் வேணும். வீட்டு டயாலிசிஸ் சொல்லித்தர்ற நர்ஸும் ஆர்என்தான், 12 மாசம் நர்சிங் அனுபவம், அதுக்கு மேல அந்த முறையிலயே 3 மாசம். இந்த ரெண்டு இடமும் எல்பிஎன்னுக்கு கிடையாது.

மூணாவது சார்ஜ் நர்ஸ், அதாவது அந்த ஷிஃப்ட்ட பொறுப்பெடுத்து நடத்துற நர்ஸ். இதுல நிறைய பேருக்கு ஆச்சரியம், ஃபெடரல் விதிப்படி எல்பிஎன்னும் சார்ஜ் நர்ஸா இருக்கலாம். 12 மாச நர்சிங் அனுபவம், அதுக்குள்ளயே 3 மாசம் டயாலிசிஸ் பேஷன்ட்ட பாத்திருக்கணும், அதோட ஸ்டேட் சட்டப்படி ஆர்என் மேற்பார்வையில வேலை செய்யணும். நாலாவது ஸ்டாஃப் நர்ஸ், இதுக்கு ஃபெடரல் விதி அனுபவம் எதுவும் கேக்கல, ஸ்டேட்டோட தேவைய பூர்த்தி செஞ்ச ஆர்என்னோ எல்பிஎன்னோ போதும். புதுசா பாஸ் பண்ண எல்பிஎன் உள்ள நுழையுற கதவு இதுதான்.

இதோட சேத்து 494.180ல இருக்குற ஒரு வரிய மனசுல பதிய வச்சுக்கோங்க: சென்டர்ல பேஷன்ட்டுக்கு டயாலிசிஸ் ஓடுற நேரம் முழுக்க நர்சிங் கவனிப்புக்கு பொறுப்பான ஒரு ஆர்என் அந்த கட்டிடத்துல இருந்தே ஆகணும். போன்ல இருந்தா போதாது. "ஆர்என் லேட்டா வர்றாங்க, நீ முதல் ஷிஃப்ட் ஆரம்பிச்சுடு"ன்னு யாராவது சொன்னா, அந்த வரிய காட்டி வேண்டாம்னு சொல்லுங்க. பேஷன்ட் வெளிய உக்காந்து கோவப்படுவாங்க, பஸ் போயிரும்பாங்க, மேனேஜர் முகம் சுளிப்பாங்க, இருந்தாலும் ஆரம்பிக்காதீங்க.

உங்க பக்கத்துல வேலை பாக்குற டெக்னீஷியனுக்கும் ஒரு தகுதி உண்டு, ஹைஸ்கூல், பயிற்சி, வேலையில சேர்ந்த 18 மாசத்துக்குள்ள சர்டிபிகேஷன். ஏன் சொல்றேன்னா பல யூனிட்ல டெக்னீஷியன் செய்யுற வேலையும் எல்பிஎன் செய்யுற வேலையும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஊசி போடுறது, மெஷின் செட் பண்றது, பிபி எழுதுறது. ஆனா உங்க கிட்ட நர்சிங் லைசென்ஸ் இருக்கு, பொறுப்பும் அந்த அளவுக்கு. மருந்து, பேஷன்ட்டோட நிலைமைய புரிஞ்சுக்கறது, டெக்னீஷியன் சொன்னத வாங்கி ஆர்என் கிட்ட சேக்குறது, இதெல்லாம் உங்க மேல வரும்.

படி 4: எல்லைக்கோடு

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு படிங்க, மத்த எதையும் விட இது முக்கியம்னு நான் நம்புறேன்.

பெரும்பாலான ஸ்டேட்ல எல்பிஎன் செய்யுறது தகவல் சேகரிப்பு, ஆர்என் செய்யுறது மதிப்பீடு. எடை, பிபி, காய்ச்சல், மூச்சு, கால் வீக்கம், ஃபிஸ்டுலாவோட (டயாலிசிஸ் ஊசி போட கையில ஆபரேஷன் பண்ணி இணைச்ச ரத்தக்குழாய்) நிலைமை எல்லாத்தையும் நீங்க பாத்து எழுதலாம், சரியில்லாதத சொல்லலாம். அத வச்சு இந்த பேஷன்ட்ட இன்னிக்கு மெஷின்ல போடலாமா, பிளான மாத்தணுமான்னு முடிவு எடுக்கறது ஆர்என், தேவைப்பட்டா டாக்டர். டெக்ஸாஸ் மாதிரி சில இடத்துல எல்விஎன் "ஃபோகஸ்டு அசெஸ்மென்ட்" செய்யலாம்னு வார்த்தை கொஞ்சம் தாராளமா இருக்கும், ஆனா முழு மதிப்பீடு அங்கயும் ஆர்என்தான். ஃபெடரல் விதியும் அப்படித்தான், பேஷன்ட்டோட முழு மதிப்பீட்ட செய்யுற குழுவுல ஆர்என், டாக்டர், சோஷியல் வொர்க்கர், டயட்டீஷியன், கூடவே பேஷன்ட்டும் இருக்கணும்னு சொல்லுது. புது பேஷன்ட்டுக்கு அந்த முதல் மதிப்பீடு 30 நாளோ 13 டயாலிசிஸோ, எது பின்னாடி வருதோ அதுக்குள்ள முடியணும். எல்பிஎன் அந்தக் குழுவுக்கு தகவல் கொடுக்குறவங்க, ஆனா அந்த ஆர்என் இடத்துல கையெழுத்து போட முடியாது.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறுற விஷயங்கள் இதுங்க: கழுத்துலயோ நெஞ்சுலயோ இருக்குற டயாலிசிஸ் கதீட்டர (பெரிய ரத்தக்குழாய்க்குள்ள வச்ச குழாய) திறந்து இணைக்கறது, ஐவி வழியா மருந்து தள்ளுறது, ரத்தம் உறையாம இருக்க ஆரம்பத்துல கொடுக்குற ஹெபரின் லோடிங் டோஸ், சிவப்பணு கூட்டுற ஈபிஓவும் இரும்புச் சத்து ஊசியும், ரத்தம் ஏத்துறது, டெக்னீஷியனுக்கு வேலை பிரிச்சுக் கொடுக்கறது. சில ஸ்டேட்ல எல்பிஎன்னுக்கு தனியா ஐவி கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட் இருந்தாத்தான் விடுவாங்க. கலிபோர்னியாவுல ஐவி சர்டிபிகேட் வாங்கின எல்விஎன் நரம்புல ஊசி ஏத்தி திரவம் போடலாம், ஆனா பொதுவா ஐவி மருந்து கொடுக்கறது ஆர்என் வேலை. உங்க ஸ்டேட் போர்டு வெப்சைட்ல "டயாலிசிஸ்", "சென்ட்ரல் லைன்", "ஐவி தெரபி"ன்னு தேடுங்க, பல போர்டு இதுக்குன்னே தனி அறிக்கை வெளியிட்டிருக்கும், அத பிரின்ட் எடுத்து ஃபைல்ல வச்சுக்கோங்க. கிடைக்கலன்னா போர்டுக்கு எழுதி கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க.

இந்தக் கோட்ட சில எல்பிஎன்னுங்க அவமானமா எடுத்துக்கறாங்க, "எனக்கு பதினஞ்சு வருஷ அனுபவம், நேத்து வந்த ஆர்என் கிட்ட நான் கேக்கணுமா"ன்னு. அந்த வலி எனக்கு புரியுது, உண்மையிலயே நிறைய புது ஆர்என்ங்க எல்பிஎன் கிட்டதான் வேலை கத்துக்கறாங்க. ஆனா நாலு மணி நேரமும் சேர் பக்கத்துல நிக்குறது நீங்க. பேஷன்ட் வழக்கமா பேசுற ஆளு இன்னிக்கு பேசல, முகம் வெளுத்திருக்கு, கொட்டாவி விட்டுட்டே இருக்காருங்கறது உங்க கண்ணுலதான் முதல்ல படும், பிபி விழறதுக்கு முன்னாடியே. ஆர்என்னுக்கு அந்த நேரத்துல பத்து பன்னெண்டு பேஷன்ட் கணக்கு, டாக்டர் போன், லேப் ரிப்போர்ட். நீங்க பாத்தது அவங்க காதுக்கு போகலன்னா அந்த விதி எழுதி வச்சதுக்கு அர்த்தமே இல்ல. அதனால எல்லைக்கோட்ட தெரிஞ்சுக்கறதுன்னா எப்ப, எவ்வளவு சீக்கிரம், என்ன வார்த்தையில ஆர்என்ன கூப்பிடணும்னு தெரிஞ்சுக்கறதுதான். "அவருக்கு ஏதோ சரியில்ல"ன்னு சொல்லாதீங்க. "4ஆம் சேர், பிபி 150லருந்து 98க்கு வந்திருக்கு, வியர்க்குது, இதுவரைக்கும் 2 லிட்டர் எடுத்திருக்கோம், தண்ணி எடுக்குறத நிறுத்திட்டேன், இப்பவே வாங்க"ன்னு சொல்லுங்க.

படி 5: ஓரியன்டேஷனும் திறன் சோதனையும்

வேலையில சேர்ந்ததும் நேரா பேஷன்ட் கிட்ட விடமாட்டாங்க, விட்டா அந்த யூனிட்ல சேராதீங்க. வகுப்பு, அப்புறம் ஒரு அனுபவசாலியோட கூடவே நின்னு வேலை, பொதுவா சில வாரத்துலருந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும். ஒவ்வொரு வேலையும் நீங்க செய்யுறத பாத்து, இவங்களுக்கு வரும்னு ஒருத்தர் கையெழுத்து போடணும். அந்த ஷீட்டோட நகல் உங்க கிட்டயும் இருக்கட்டும். பாக்காம கையெழுத்து போட்டுத் தர்றேன்னு சொன்னா வாங்காதீங்க, நாளைக்கு ஸ்டேட்லருந்து சோதனை பண்ற சர்வேயர் வந்து "கதீட்டர் டிரெஸ்ஸிங் மாத்தி காட்டுங்க"ன்னு கேப்பாங்க, அவங்க பேப்பர விட கையத்தான் பாப்பாங்க.

படி 6: ஒரு ஷிஃப்ட்ல ஸ்டாண்டர்டுங்கறது எப்படி இருக்கும்

முதல்ல தண்ணி. ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு தடவைக்கு சுமார் 120 லிட்டர் டயாலிசேட் (ரத்தத்த சுத்தம் பண்ற திரவம்) ஓடும், நிமிஷத்துக்கு 500 மில்லி, நாலு மணி நேரம்னு கணக்கு போட்டு பாருங்க. குழாய் தண்ணியில கிருமி சாகுறதுக்காக போடுற குளோரமைன் குடிக்கறவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா டயாலிசிஸ்ல நேரா ரத்தத்துக்கு போய் சிவப்பணுவ உடைச்சிரும். அதனால கார்பன் டேங்க்க தாண்டி வர்ற தண்ணியில மொத்த குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, ஒவ்வொரு பேஷன்ட் ஷிஃப்ட்டுக்கும் முன்னாடி டெஸ்ட் பண்ணணும், தனித்தனி ஷிஃப்ட் இல்லாத இடத்துல சுமார் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 1996ல பிரேசில்ல கருவாருங்கற ஊர்ல சரியா சுத்திகரிக்காத தண்ணியில பாசி நச்சு கலந்து, ஒரே டயாலிசிஸ் சென்டர்ல 50 பேருக்கும் மேல கல்லீரல் கெட்டு செத்துப் போனாங்க. தண்ணி ரூம் லாக் புக்ல கையெழுத்து போடும்போது இத நினைச்சுக்கோங்க. டெஸ்ட் பண்ணாம முந்தின நாள் நம்பர எழுதுறவங்கள பாத்தா சும்மா இருக்காதீங்க.

அப்புறம் மெஷின். அலாரம் டெஸ்ட் பாஸ் ஆகணும், கிருமிநாசினி மிச்சம் இல்லன்னு டெஸ்ட் பண்ணணும், கன்டக்டிவிட்டியும் (டயாலிசேட்ல இருக்குற உப்பு அளவ காட்டுறது) பிஎச்சும் மெஷின் காட்டுறத மட்டும் நம்பாம தனி மீட்டர்ல பாக்கணும், பிஎச் 6.9க்கும் 7.6க்கும் நடுவுல. டாக்டர் ஆர்டர பக்கத்துல வச்சுகிட்டு டயலைசர் (ரத்தத்த வடிகட்டுற ஃபில்டர்) வகை, பொட்டாசியம், கால்சியம், நேரம், ரத்த ஓட்ட வேகம், ஹெபரின், எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஒப்பிடுங்க. பொட்டாசியம் 2 போட வேண்டிய இடத்துல பொட்டாசியம் 1 இருக்குற திரவ ஜக்க மாட்டிட்டா இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், ஜக்குங்க எல்லாம் பக்கத்து பக்கத்துலதான் இருக்கும்.

பேஷன்ட் வந்ததும் எடை, உக்காந்தும் நின்னும் பிபி, காய்ச்சல், மூச்சு, வீக்கம், போன டயாலிசிஸ்க்கு அப்புறம் விழுந்தாரா, ரத்தம் வந்துச்சா, ஆஸ்பத்திரி போனாரா. எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு கணக்கு. மணிக்கு, கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல எடுத்தா இதயத்துக்கு ஆபத்துன்னு சொல்றாங்க, 70 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்துல அது 3.6 லிட்டர். அவரு 5 கிலோ ஏத்திட்டு வந்திருந்தா நீங்களா எல்லாத்தையும் எடுக்க செட் பண்ணாதீங்க, ஆர்என் கிட்ட போங்க, நேரத்த கூட்டலாமா, இன்னொரு நாள் வரச் சொல்லலாமான்னு அவங்க டாக்டர் கிட்ட பேசுவாங்க.

ஃபிஸ்டுலாவ கண்ணால பாக்கணும், கையால தொட்டு அதிர்வு உணரணும், ஸ்டெத் வச்சு கேக்கணும், மூணும் ஒவ்வொரு தடவையும். அதிர்வு இல்லன்னா, சிவந்திருந்தா, சீழ் இருந்தா, கை வீங்கியிருந்தா ஊசி போடாம நிறுத்துங்க. புது ஃபிஸ்டுலான்னா ஆறு ஆறா ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 6 வாரத்துல நிமிஷத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்கு கீழ 6 மில்லிமீட்டருக்குள்ள ஆழம். புது ஃபிஸ்டுலாவுக்கு 17 கேஜ் சின்ன ஊசியில ஆரம்பிக்கறது வழக்கம், முதல் தடவை போடுறவங்க யூனிட்லயே நல்ல கை இருக்குறவங்களா இருக்கணும். உங்களுக்கு ரெண்டு தடவை சரியா வரலன்னா மூணாவது வேற ஆள கூப்பிடுங்க. அந்தக் கை அவருக்கு வாழ்நாள் முழுக்க வேணும், நம்ம ரோஷத்துக்காக அத கெடுக்கக் கூடாது.

கதீட்டர் இருக்குற இடத்து தோல சுத்தம் பண்ண ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின முதல்ல எடுக்கச் சொல்லுது அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி, எந்த மருந்துன்னாலும் காய விடணும், காயுறதுக்குள்ள தொடக் கூடாது. கதீட்டர்னா மூடிய கழட்டினதும் ஹப்ப (குழாயோட திறந்த முனைய) நல்லா தேய்ச்சு சுத்தம் பண்ணணும், நீங்களும் பேஷன்ட்டும் ரெண்டு பேரும் மாஸ்க்.

ஓட ஆரம்பிச்சதும் பெரும்பாலான யூனிட்ல அரை மணிக்கு ஒரு தடவை பிபி, பல்ஸ், மெஷின் ப்ரஷர், அக்சஸ் (ஊசியோ கதீட்டரோ இருக்குற இடம்) பாக்கணும். அக்சஸ் எப்பவும் கண்ணுக்கு தெரியணும், போர்வைக்கு கீழ கை போகக் கூடாது, குளிருதுன்னு பேஷன்ட் கெஞ்சினாலும் கைய மட்டும் வெளிய விட்டு போத்துங்க. காரணம் சொல்றேன், ரத்தத்த உடம்புக்கு திருப்பி அனுப்புற வீனஸ் ஊசி நழுவிட்டா எல்லா நேரமும் அலாரம் அடிக்காது, நிமிஷத்துக்கு 400 மில்லி வேகத்துல பம்ப் ரத்தத்த தரையில கொட்டும், 5 நிமிஷத்துல 2 லிட்டர். ஒரு ஆளு உடம்புல இருக்குறதே 5 லிட்டர் சொச்சம்தான். போர்வை போத்தின கை, கவனம் சிதறின பத்து நிமிஷம், அவ்வளவு போதும்.

அவசர நேரத்துல ஆர்என் வர்றதுக்கு முன்னாடியே உங்க கை செய்ய வேண்டியது சிலது இருக்கு, அதுக்கு உங்க யூனிட்ல டாக்டர் முன்கூட்டியே எழுதி வச்ச நிலையான ஆர்டர் இருக்கும், மனப்பாடமா தெரியணும். பிபி விழுந்தா தண்ணி எடுக்கறத நிறுத்தி கால தூக்கி ஆர்டர்படி சலைன். காத்து உள்ள போயிருச்சுன்னு சந்தேகம்னா லைன கிளாம்ப் பண்ணி பம்ப நிறுத்தி இடது பக்கமா தலைய தாழ்த்தி படுக்க வைக்கணும். லைன்ல ரத்தம் திராட்சை ரசம் மாதிரி தெளிவான சிவப்பா தெரிஞ்சு பேஷன்ட் நெஞ்சு வலி, முதுகு வலின்னா சிவப்பணு உடையுதுன்னு அர்த்தம், பம்ப நிறுத்தி கிளாம்ப் பண்ணுங்க, அந்த ரத்தத்த திருப்பி உள்ள விடவே விடாதீங்க, அதுல பொட்டாசியம் ஏகத்துக்கு இருக்கும். ஆரம்பிச்ச கொஞ்ச நிமிஷத்துலயே அரிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீக்கம்னா டயலைசர் அலர்ஜியா இருக்கலாம், அப்பவும் நிறுத்தி கிளாம்ப், ரத்தம் திருப்பக் கூடாது. எல்லாத்துக்கும் கூடவே சத்தமா ஆர்என்ன கூப்பிடணும், நீங்க அந்த சேர விட்டு நகரக் கூடாது.

தொற்று தடுப்புல ஹெபடைடிஸ் பி பத்தி மட்டும் சொல்லிடுறேன். அந்த வைரஸ் காஞ்ச ரத்தத்துல மேஜை மேல, சேர் கைப்பிடி மேல குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும், கண்ணுக்கு ரத்தக்கறையே தெரியாம கூட. அதனாலதான் 2001 சிடிசி வழிமுறைப்படி ஹெபடைடிஸ் பி இருக்குற பேஷன்ட்டுக்கு தனி ரூம், தனி மெஷின், அவங்கள பாக்குற நர்ஸ் அதே நேரத்துல எதிர்ப்பு சக்தி இல்லாத இன்னொரு பேஷன்ட்ட பாக்கக் கூடாது. ஆள் பத்தலன்னு இந்த ஷெட்யூல உடைக்கச் சொன்னா அது சட்டமீறல். மருந்து தயாரிக்கறது சேர்கிட்ட இல்லாம தனி சுத்தமான இடத்துல, ஒரு பேஷன்ட்டுக்கு எடுத்துட்டு போன மருந்த அடுத்த பேஷன்ட்டுக்கு எடுத்துட்டு போகக் கூடாது, பாக்கெட்ல வயல் வைக்கக் கூடாது. பேஷன்ட் சேர விட்டு எந்திரிச்சுப் போனதுக்கு அப்புறம்தான் அந்த இடத்த துடைக்கணும், அவர் உக்காந்திருக்கும்போதே பாதி துடைச்சிட்டு அடுத்தவர கூப்பிடுறது அவசரத்துல எல்லா இடத்துலயும் நடக்குற தப்பு.

எழுதுறதும் ஸ்டாண்டர்டுதான். என்ன பாத்தீங்க, எத்தன மணிக்கு, யாருக்கு சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க, அப்புறம் பேஷன்ட் எப்படி இருந்தார். "ஆர்என்னுக்கு தெரிவிச்சேன்"னு மட்டும் எழுதினா பத்தாது.

படி 7: அனுபவம் சேர்ந்ததுக்கு அப்புறம்

டயாலிசிஸ்ல சில காலம் ஆனதும் சர்டிபிகேஷன் எடுக்கலாம். நெஃப்ராலஜி நர்சிங் சர்டிபிகேஷன் கமிஷன் எல்பிஎன், எல்விஎன்னுக்குன்னே தனியா ஒரு டயாலிசிஸ் பரீட்சை நடத்துது, 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். போனென்ட்டுங்கற இன்னொரு அமைப்போட ஹீமோடயாலிசிஸ் நர்ஸ் பரீட்சையும் எல்பிஎன் எழுதலாம். டெக்னீஷியனுக்கு சர்டிபிகேஷன் கட்டாயம், எல்பிஎன்னுக்கு ஃபெடரல் விதியில கட்டாயம் இல்ல. ஆனா பேர் வாங்கின எல்பிஎன்னுங்க பெரும்பாலும் எடுத்திருக்காங்க, படிக்கும்போதுதான் நம்ம தினமும் செய்யுற வேலைக்கு காரணம் புரியும். அமெரிக்கன் நெஃப்ராலஜி நர்சஸ் அசோசியேஷன்ல சேர்ந்தா படிக்க நிறைய கிடைக்கும், தொடர் கல்வி நேரமும் சேரும்.

சார்ஜ் நர்ஸா போட்டா ஏத்துக்கறதுக்கு முன்னாடி மேனேஜர் கிட்ட மூணு விஷயம் எழுத்துல கேளுங்க: உங்க ஸ்டேட் எல்பிஎன்ன சார்ஜ் நர்ஸா விடுதா, அந்த ஷிஃப்ட்ல பொறுப்பு ஆர்என் யாரு, அவங்க கட்டிடத்துல எத்தன மணியிலருந்து எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க. ஃபெடரல் விதி இடம் கொடுத்தாலும் ஸ்டேட் கொடுக்கலன்னா அந்த பொறுப்பு உங்களுக்கு வேண்டாம், பிரச்சனைன்னா போர்டு முன்னாடி நிக்குறது உங்க லைசென்ஸ்.

எல்பிஎன்லருந்து ஆர்என் ஆகுற பிரிட்ஜ் கோர்ஸ் பல கம்யூனிட்டி காலேஜ்ல இருக்கு, முன்பாடங்கள முடிச்சிருந்தா ஒண்ணு ஒன்றரை வருஷம். பெரிய டயாலிசிஸ் கம்பெனிங்க பலதும் படிப்பு செலவுக்கு உதவி கொடுக்கும், எத்தன வருஷம் அங்கயே வேலை பாக்கணும்னு கண்டிஷன் இருக்கும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அத மட்டும் நிதானமா படிங்க. வேலை மாறும்போது திறன் சோதனை ஷீட், தடுப்பூசி ரெக்கார்டு, தொடர் கல்வி சர்டிபிகேட் மூணோட நகலையும் வாங்கிட்டு வெளிய வாங்க, போனதுக்கு அப்புறம் கேட்டு வாங்கறது ரொம்ப அலைச்சல்.